வெறுங்காலோடு வந்த துணை

அண்ணாமலையார் அன்பர்களே, சாமந்திப் பாத்தியின் நடுவே என் துணைவி செண்பகம் சரிந்த அந்தக் காலையை இன்றும் என்னால் மறக்க இயலவில்லை.

அடி அண்ணாமலையில் எங்களுக்கு ஒரு சிறு தோட்டம். பாதி கத்தரி, பாதி சாமந்தி. சென்ற ஆண்டு ஒரு முழுநிலா நாளில், மலையை வலம்வரும் அடியார்களுக்காக விடியலிலேயே பூப்பறிப்பைத் தொடங்கினோம். கத்தரி பறிக்கச் செருப்பு அணிவோம். பூப்பாத்தியின் வரப்பில் அதைக் கழற்றிவிடுவோம். இறைவனுக்குரிய பூவை வெறுங்காலோடு பறிப்பதே எங்கள் வழக்கம்.

“நெருஞ்சி குத்திடுச்சுங்க” என்றாள் செண்பகம். மேலும் பறித்தாள். சற்று நேரத்தில் அவள் இமைகள் தொங்கின. நாக்குக் குழறியது. சாய்ந்தாள். உடன் பறித்த முனியம்மா அவள் பாதத்தைப் பார்த்து அலறினார்: “ஐயா, முள்ளு இல்லீங்க, பாம்பு கடிச்சிருக்குது!”

மருத்துவ ஊர்தியை அழைத்தேன். “போலீஸ் தடுப்பாண்டயே நிக்கிறேன் சார். ஒரே கூட்டம், வண்டி நகரல” என்றார் ஓட்டுநர். அந்தக் கூட்டத்தை மனத்துக்குள் வைதேன்.

பூக்குவித்த தார்ப்பாயில் அவளைக் கிடத்தினோம். எங்கள் இருவராலும் தூக்க இயலவில்லை. மஞ்சள் இதழ்கள் அவள் முகத்தில் ஒட்டியிருந்தன. பாடை கண்முன் தோன்றியது. வாழ்நாளெல்லாம் மாணவர்க்குத் தமிழ் கற்பித்த எனக்கு ஒரு பதிகமும் நாவில் எழவில்லை. மலையைப் பார்த்துக் கதறினேன்: “அப்பனே, உனக்குப் பூப்பறித்தவள்! விட்டுவிடாதே!”

வேலிக்கு அப்பால் வெறுங்காலோடு மலையை வலம்வந்துகொண்டிருந்த அடியார் சிலர் நின்றனர். ஓர் இளைஞர் வேலியைத் தாண்டி வந்தார். “அழுவாத பெருசு. நாங்க தூக்கினு போறோம்.”

தார்ப்பாயின் நான்கு முனைகளையும் பற்றினர். “அரோகரா! வழி வுடுங்க!” என்னும் குரல் வாய்க்கு வாய் தாவி முன்னே ஓடியது. நான் வைத கூட்டம் இரண்டாகப் பிளந்தது. தூக்குவோர் மாறினர். தடுப்பருகே நின்ற ஊர்தியை எட்டும்வரை ஓட்டம் நிற்கவில்லை.

மருத்துவமனையில் அவளுக்குச் செயற்கை மூச்சு. மாலையிலும் கண் திறக்கவில்லை. மருத்துவர் எதையும் உறுதியாகச் சொல்லவில்லை. வாயிலில் அமர்ந்து அதே இரண்டு சொற்களைச் சொல்லிக்கொண்டிருந்தேன்: “அப்பனே, விட்டுவிடாதே.”

மறுநாள் விழித்தாள். குழாயை எடுத்ததும் அவள் கேட்டது, “பூவெல்லாம் வாடிப்போச்சாங்க?”

வீடு திரும்பியபின் அவளுக்கு உயரமான காலணி வாங்கினேன். “பூவு பறிக்கிறப்ப பூட்ஸா? சாமி கோச்சிக்காதா?” என்றாள்.

“உனக்காக அத்தன வெறுங்காலோட ஓடி வந்தவரு, உன் பூட்ஸப் பாத்தா கோச்சிக்கப் போறாரு?”

இப்பொழுது காலணியோடுதான் பறிக்கிறோம். முழுநிலா நாள்தோறும் வேலியருகே தண்ணீர்க் குடத்தோடு நிற்கிறேன். இடரில் தவிப்போரே, சொற்கள் அழகாக அமையட்டும் என்று காத்திராதீர்கள். கதறுங்கள். அவர் உங்கள் வேலிக்கு அப்பால்தான் நடந்துகொண்டிருக்கிறார்.