தோற்ற ஞாயிறுகளின் அறிவிப்பாளர்

திங்கட்கிழமை காலை பத்து மணி இருக்கும். பாரிசுக்கு வெளியே ஓல்னே-சூ-புவாவில் நான் வேலை செய்கிற கராஜில், ஒரு வான் வண்டியின் அடியில் படுத்துக் கிடந்தேன். ரெலிபோன் அடித்து நின்றது, மறுபடி அடித்தது, நின்றது, மறுபடி அடித்தது. என் கையெல்லாம் எண்ணெய். கடைசியில் முதலாளியே எடுத்துக் குனிந்து என் காதில் வைத்தார். தவராசா அண்ணையின் மகள் மதுரா. "அங்கிள், அப்பா போயிட்டார். காலமை எட்டு மணிக்கு" என்றாள். பிறகு பிரெஞ்சில் நிறையச் சொன்னாள். எனக்கு ஒன்றும் ஏறவில்லை. "ஓம் பிள்ளை, ஓம் பிள்ளை" என்றபடி வானின் அடியிலேயே கிடந்தேன்.

பாரிசில் எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லா சப்பலில் 'மைக் தவம்' என்றால் தெரியாதவர் குறைவு. பிரெஞ்சுச் சாப்பாட்டுக் கடை ஒன்றில் இருபத்தைந்து வருடம் சமைத்தவர். கோடையில் எங்கள் ஆட்கள் நடத்துகிற உதைபந்தாட்டப் போட்டிகளில் மைக் பிடித்தவர். இதை வாசிக்கிற உங்களில் பாதிப்பேருக்கு நான் அவருடைய முகத்தைச் சொன்னால் போதாது, குரலைச் சொல்ல வேண்டும். நான் அவருடைய நண்பன். அதைவிட அதிகமாக, அவரோடு சண்டை பிடித்தவன். எங்கள் கழக அணிக்குப் பன்னிரண்டு வருடமாகப் பயிற்றுநர் நான். எத்தனை ஆட்டம் தோற்றோம் என்று தயவுசெய்து கேட்காதீர்கள். அந்தத் தோல்விகளில் அவருக்கும் பங்கு உண்டு என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன். செத்துவிட்டார் என்பதற்காக அதை மாற்றிச் சொல்ல எனக்கு வராது.

அவர் முதன்முதலில் மைக்கைத் தொட்டது 2009 கோடையில். அந்த வருடம் மே மாதம் ஊரில் யுத்தம் முடிந்த விதத்துக்குப் பிறகு எங்களில் ஒருவருக்கும் பந்து உதைக்கிற மனம் இல்லை. போட்டியை நடத்தக்கூடாது என்று பாதிப்பேர். எங்காவது ஓரிடத்தில் சனம் சேர்ந்து நிற்கத்தானே வேண்டும் என்று மீதிப்பேர். கடைசியில் ஸ்தேன் என்ற புறநகரில் ஒரு மைதானத்தில், பாட்டு இல்லாமல், பான்ட் வாத்தியம் இல்லாமல் நடந்தது. மௌன அஞ்சலி முடிந்த பிறகும் சனம் வாயைத் திறக்கவில்லை. நான் அப்போது பின்வரிசை ஆட்டக்காரன். பத்து நிமிடத்தில் மூன்று கோல் வாங்கினோம். மூன்றாவது என் பிழை. அறிவிப்பாளர் வரவில்லை, மைக் மேசையில் அநாதையாகக் கிடந்தது. ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்த தவராசா அண்ணை கையைத் துடைத்துக்கொண்டு போய் அதை எடுத்தார்.

"எங்கட கோல்கீப்பர் ரமணன் ராத்திரி முழுக்க பேக்கரியில பாண் சுடுற போறணையில நிண்டவர். பந்தும் சுடுமெண்டு நினைச்சுக் கையை எடுத்திட்டார். பிழை அவரில இல்லை."

யாரோ ஒருவர் முதலில் தும்மியதுபோலச் சிரித்தார். பிறகு மைதானமே சிரித்தது. சிலர் சிரித்துக்கொண்டே அழுதார்கள். எங்கள் சனம் சிரித்த சத்தத்தை மாதக்கணக்குக்குப் பிறகு அன்றுதான் கேட்டேன். அந்த நன்றி எனக்கு அவரிடம் எப்போதும் உண்டு. அதில் மறுபேச்சே இல்லை.

ஆனால் கோதாரி, அதுவே பழக்கமாகிப் போனது! அடுத்த வருடமும் தோற்றோம். அவர் பகிடி விட்டார். இன்னும் கூடுதலாகச் சனம் வந்தது. அதற்கு அடுத்த வருடம் ஊரே வந்தது. நாங்கள் நாலு கோல் வாங்குவதும் அந்த நாலு கோலுக்கும் அண்ணை என்ன சொல்லப்போகிறார் என்பதும்தான் காட்சி. நான் பயிற்றுநராக வந்தபோது எங்கள் அணி எதற்காக விளையாடுகிறது என்பதே யாருக்கும் ஞாபகம் இல்லை.

இதில் ஒரு கணக்கு இருப்பதை எனக்குக் காட்டியது எங்கள் பொருளாளர்தான். ஒருமுறை நான் கெஞ்சிக் கூத்தாடி, ஸ்தேனில் வேறு கழகத்தில் விளையாடிய இரண்டு மாலி நாட்டுப் பொடியன்களைச் சேர்த்துக்கொண்டேன். அரையிறுதி வரைக்கும் போனோம். சனம் கோட்டோரத்தில் மூச்சுவிடாமல் நின்றது. மாலையில் கழகத்தின் சாப்பாட்டுக் கடைக் கணக்கோடு பொருளாளர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார்.

"தம்பி, ரோல்ஸ் அரைவாசி மிச்சம். கொத்துரொட்டிக்கு வெட்டின மரக்கறி அப்பிடியே கிடக்கு."

"அண்ணை, அரையிறுதிக்கு வந்திருக்கிறம்!"

"அதுதான் பிரச்சினை. ஆட்டம் இறுகினா ஒருத்தரும் கோட்டை விட்டு அசையினமில்லை. மற்ற வருசம் பாதி ஆட்டத்தோட நாலு-சைபர், சனம் ஆறுதலா வந்து சாப்பிடும், லொத்தர் சீட்டு வாங்கும்."

அவர் பகிடிக்குச் சொல்லவில்லை. அடுத்த வருடம் 'எங்கட பிள்ளைகளே விளையாடட்டும்' என்று கமிட்டி தீர்மானித்தது. மாலிப் பொடியன்கள் போனார்கள், ரோல்ஸ் தீர்ந்தது, கமிட்டி மண்டபம் எடுத்து இராப்போசன விருந்து வைத்தது. பயிற்சிக்கு மட்டும் காசில்லை.

அந்த எரிச்சலோடுதான் ஒரு கலியாணத்துக்குக் கனடா போனேன். அங்கே என் மச்சான், மனைவியின் தம்பி, என்னை ஐஸ் ஹொக்கி பார்க்கக் கூட்டிக்கொண்டு போனான். டிக்கெட் விலையைக் கேட்டு எனக்கு நெஞ்சடைத்தது. அவன் ஆதரிக்கிற அணி அந்த வருடமும் பட்டியலின் அடியில் கிடந்தது. இருந்தும் அரங்கில் ஒரு கதிரை காலியில்லை. அன்றும் தோற்றார்கள். சனம் வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டே போய், வரிசையில் நின்று, அதே அணியின் சட்டையை வாங்கியது.

"ஏன்ரா உவங்களுக்குக் காசைக் கொட்டுறாய்?"

"சீசன் டிக்கெட்டை ஒருக்கா விட்டா பிறகு எடுக்கேலாது அத்தான். பின்னால வரிசையில நிக்கிறாங்கள்."

"அப்ப அந்த அணியின்ர முதலாளி ஏன் வெல்ல வேணும்?"

அவன் யோசித்தான். "தேவையில்லைத்தான்" என்றான்.

அதுதானே விஷயம்! நல்ல ஆட்டக்காரனுக்குக் கொட்டிக் கொடுக்க வேண்டும். கொடுத்து வென்றாலும் நிரம்பிய அரங்கில் இன்னொரு கதிரை போட முடியாது. தோற்றாலும் சனம் வரும், பியர் குடிக்கும், சட்டை வாங்கும். விசுவாசமான ரசிகன் முதலாளிக்குத் தலையணை. சாய்ந்து படுக்கலாம். எனக்கு எங்கள் கமிட்டியின் முகங்கள் வரிசையாகத் தெரிந்தன.

பாரிஸ் வந்ததும் வராததுமாக, லா சப்பல் மெட்ரோவுக்குப் பக்கத்தில் தேநீர்க் கடையில் அண்ணையைப் பிடித்துக்கொண்டேன். முழுவதையும் சொல்லி, "உங்கட பகிடிதான் அண்ணை எங்கட கமிட்டிக்குத் தலையணை" என்றேன். அவர் வடையைப் பிய்த்துக்கொண்டே கேட்டார்:

"உன்ர மச்சானுக்குப் பக்கத்துக் கதிரையில ஆர் இருக்கிறது?"

"ஒரு வெள்ளைக்காரக் கிழவன். பத்து வருசமா அதே ஆளாம்."

"பாத்தியே. வெல்லுறவனுக்கு ஆள் தேவையில்லை தம்பி. தோக்கிறவனுக்குத்தான் ஆக்கள் வேணும்."

"அது முதலாளி சொல்ல வேண்டிய கதை. நீங்கள் சொல்லக்கூடாது."

"நான் சொன்னா என்ன, முதலாளி சொன்னா என்ன? உண்மை உண்மைதானே" என்று என் வடையையும் எடுத்தார்.

அந்த வருடப் பொதுக்கூட்டத்தில் நான் ஒரு தீர்மானம் கொண்டுவந்தேன். புதன்கிழமைகளில் உள்ளரங்கு ஒன்றை வாடகைக்கு எடுக்க வேண்டும், கிழமைக்கு ஒருநாளாவது பொடியன்கள் ஒழுங்காகப் பயிற்சி எடுக்க வேண்டும். இவ்வளவுதான். ஆதரிக்கிறேன் என்று அண்ணை ரெலிபோனில் வாக்குத் தந்திருந்தார். அவர் கை உயர்த்தினால் பின்னால் முப்பது கை உயரும் என்பது எல்லோருக்கும் தெரியும். அவர் எழுந்தார்.

"தம்பி சொல்லுறது நூற்றுக்கு நூறு சரி. ஆனா நாங்கள் வெல்லத் துடங்கினா நான் மைக்கில என்னத்தைக் கதைக்கிறது? அப்ப எனக்கும் ஒரு பயிற்றுநர் எடுத்துத் தாங்கோ."

மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் தலைவர் "சரி, அடுத்த விஷயம்" என்றார். என் தீர்மானம் வாக்கெடுப்புக்கே வரவில்லை. அண்ணை கெட்ட எண்ணத்தில் செய்தார் என்று நான் சொல்லமாட்டேன். சபையைக் கண்டால் அவருக்கு வாய் நிற்காது, அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு சிரிப்புக்காக என் பொடியன்களை விற்றார். எட்டு மாதம் அவரோடு நான் கதைக்கவில்லை. ரூ பிலிப்-து-ஜிராரில் எதிரே வந்தால் வீதியைக் கடந்து மற்றப் பக்கம் போனேன்.

அவர்தான் இறங்கி வந்தார். ஓல்னே வரை ஆர்.இ.ஆர். ரயில் பிடித்து கராஜுக்கு வந்து, "சரி. வாற ஞாயிறு வாய் திறக்கமாட்டன். பாப்பம் நீ வெல்லுறியோ எண்டு" என்றார். சொன்னபடியே செய்தார். மைக்கை மேசையில் வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். ஐந்து கோல் வாங்கினோம். ஒரு சத்தம் இல்லை. ஆட்டம் முடிந்ததும் ரமணன் கையுறைகளைக் கழற்றி என் கையில் திணித்தான்.

"இனி வரமாட்டன் அண்ணை. ராத்திரி வேலை செய்துபோட்டு நித்திரை இல்லாம வாறன். ஏச்சு விழுந்தாக்கூடப் பரவாயில்லை. இது செத்தவீடு மாதிரி இருக்கு."

நான் அண்ணையிடம் போய்க் கத்தினேன். "நான் கேட்டது உங்கட மௌனமில்லை. உங்கட கை! கூட்டத்தில தூக்கச் சொல்லிக் கேட்ட கை!" அவர் எழுந்து, ரமணனின் காருக்குப் பின்னால் நடந்து போனார். என்ன சொன்னாரோ தெரியாது, அடுத்த ஞாயிறு ரமணன் வந்து நின்றான்.

அடுத்த பொதுக்கூட்டத்தில் அண்ணை என்னைக் கேட்காமலே எழுந்தார். "போன வருசம் நான் பகிடி விட்டுக் குழப்பின விஷயம் ஒண்டு இருக்கு. அதைத் திரும்ப எடுங்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கையை உயர்த்தினார். பின்னால் கைகள் எழுந்தன. பொருளாளரும் முகத்தைச் சுளித்துக்கொண்டு உயர்த்தினார். எங்களுக்குப் புதன்கிழமை கிடைத்தது. ஒரு வருடத்துக்கு முதலே கிடைத்திருக்க வேண்டியது என்று நினைத்து அன்றும் எனக்கு ஆத்திரம்தான் வந்தது. நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் அவருக்கு ஈரலில் புற்றுநோய் என்றார்கள்.

வசந்தத்தில் ஆட்டங்கள் தொடங்கியபோது அவர் ஆஸ்பத்திரியில். ஒவ்வொரு ஞாயிறும் ஆட்டம் முடிந்த கையோடு, சேறு காயாத சப்பாத்தோடு, மெட்ரோ பிடித்துப் போனேன். புதன்கிழமைப் பயிற்சி உடனே பலன் தருமா? தோற்றுக்கொண்டுதான் இருந்தோம். ஆனால் குறைவாகத் தோற்றோம். கதவைத் திறந்ததும் கேட்பார்:

"எத்தினை?"

"ரெண்டு-ஒண்டு."

"அந்த ஒண்டு ஆர் அடிச்சது?"

அவர் கேட்பது எப்போதும் எங்கள் கோலைத்தான். நான் விபரம் சொல்லச் சொல்ல, தலையணையில் சாய்ந்தபடி மெல்லிய குரலில் அதை மைக்கில் சொல்வதுபோல் சொல்லிப் பார்ப்பார். பிறகு அதைத் தன் சமையலறைப் பிரெஞ்சில் பக்கத்துக் கட்டிலில் கிடந்த பிரெஞ்சுக்கார மிஸியேக்கும் அறிவிப்பார். அந்த மனிதருக்கு எங்கள் பொடியன்களின் பெயரெல்லாம் பாடம். ஒருநாள் போகப் புறப்பட்டபோது அண்ணை சொன்னார்:

"தோக்கிறபடியாத்தான் நீ வாறாய். வெண்டா வரமாட்டாய்."

"சும்மா அலட்டாதேங்கோ. வெண்டா கப்போட வருவன்."

"பாப்பம், பாப்பம்."

அன்றும் கோபத்தோடுதான் வீடு திரும்பினேன். சாகக் கிடக்கிற மனிதருக்கு என்ன வாய் என்று மனைவியிடம் சொன்னேன்.

ஜூன் மாதக் கடைசி ஞாயிறு நடந்த ஒருநாள் சுற்றுப்போட்டியில் நாங்கள் வென்றோம். ஆம், கோப்பை. இறுதி ஆட்டம் பெனால்டி வரை போனது. முப்பத்தெட்டு வயது ரமணன் இரண்டு பெனால்டியைத் தடுத்தான். நான் புல்லில் குப்புற விழுந்து குழந்தைபோல் அழுதேன். பொடியன்கள் என்னைத் தூக்கினார்கள். கோப்பையை ரூ பிலிப்-து-ஜிராரில் ஒரு சாப்பாட்டுக் கடைக்குக் கொண்டு போனோம். வீதியில் போனவர்கள் எல்லாம் உள்ளே வந்து என்னைக் கட்டிப் பிடித்தார்கள். ஆறு மணிக்கு அண்ணை ஞாபகம் வந்தது. இப்போது எழுந்து போனால் நன்றாக இராது என்று இருந்தேன். ஏழு மணிக்கு மறுபடி வந்தது. நாளைக்கு வேலை முடிய, கோப்பையோடு ஆறுதலாகப் போவோம் என்று எனக்கு நானே சொன்னேன்.

திங்கள் காலை எட்டு மணிக்கு அவர் போய்விட்டார்.

தகனம் முடிந்து வெளியே நின்றபோது மதுராவிடம் இதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

"அப்பாவுக்குத் தெரியும் அங்கிள்."

"ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. ஞாயிறு பின்னேரம் முழுக்கக் கதவைத்தான் பாத்துக்கொண்டிருந்தார். ஏழரை போல, 'அவன் வரேல்லை. அப்ப வெண்டிட்டம்' எண்டார். சிரிச்சார், அங்கிள். பக்கத்து மிஸியேயைக் கைதட்டச் சொன்னார். அவரும் தட்டினார்."

கழகம் இப்போது அவர் பெயரில் ஒரு சுற்றுப்போட்டி நடத்தப்போகிறது. சனம் வரும், ரோல்ஸ் தீரும், மேடையில் யாராவது கண்ணைத் துடைப்பார்கள். செய்யட்டும். என்னிடம் அவருடையதாக இருப்பது அந்த ஒரு வசனம்தான், அதுவும் மகள் சொல்லிக் கேட்டது. அவர் சொன்ன ஒவ்வொன்றுக்கும் நான் எதிர்க்கதை வைத்திருந்தேன். இதற்கு மட்டும் இல்லை. பன்னிரண்டு வருடத்தில் அந்த மனிதரைத் தோற்கடிக்க எனக்கு ஒரேயொரு சந்தர்ப்பம் கிடைத்தது. கோப்பையை எடுத்துக்கொண்டு மெட்ரோ ஏறியிருந்தால் போதும். நான் ஏறவில்லை.