நோயாளி வேஷம்

எங்கள் ஊர்ச் சமுதாயக் கூடத்தைக் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் தவிர வேறு எதற்கும் திறந்து நான் பார்த்ததில்லை. மற்ற நாட்களில் அதன் வாசலில் முந்திரிக்கொட்டை காய்ந்துகொண்டிருக்கும். கந்தர்வக்கோட்டையிலிருந்து மினி பஸ் வந்து திரும்பிப் போகிற கடைசி ஊர் எங்களுடையது. அந்த ஊரில், அந்தக் கூடத்தில், சனிக்கிழமை மத்தியானங்களில் பெண்களுக்கு வகுப்பு நடக்கப் போகிறது என்றார்கள். நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. பிள்ளை பெற்றவர்களெல்லாம் பாயில் வரிசையாக உட்கார்ந்து பாடம் படிக்கப் போகிறார்கள் என்றதும் எனக்கு ஒரே சந்தோஷம். வாரம் முழுக்க நான் படுகிற பாட்டை இவர்களும் கொஞ்சம் படட்டுமே என்று நினைத்துக்கொண்டேன்.

பாடம் நடத்துகிற அக்கா புதுக்கோட்டையிலிருந்து ஸ்கூட்டியில் வருவார். ஒரு வாரம் வயிற்றுப்போக்குக்கு உப்பு சர்க்கரைக் கரைசல் செய்வது எப்படி என்று காட்டினார். குழந்தைகளுக்கான அந்தத் தண்ணீரை, வெயிலுக்கு இதமாக இருக்கிறதென்று பெண்களே குடித்துத் தீர்த்தார்கள். இன்னொரு வாரம் பேங்க் சலான் நிரப்பப் பழக்கினார். எல்லாவற்றையும்விட அவர்களைத் திணறடித்தது நாலு பேருக்கு முன்னால் எழுந்து நின்று பேச வேண்டும் என்ற பாடம்தான். சந்தையே அதிரச் சண்டை போடுகிறவர்கள்கூட, எழுந்து நின்று ஒங்க பேரச் சொல்லுங்க என்றால் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். ஒருத்தி "மேலத்தெருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

அம்மாவும் அத்தையும் தவறாமல் போவார்கள். வீட்டில் தனியாக விட முடியாது என்று என்னையும் இழுத்துக்கொண்டு போவார்கள். அப்பா அப்போது மஸ்கட்டில் இருந்தார். அத்தை அப்பாவுக்கு அக்கா. புருஷன் இறந்த பிறகு எங்களோடு வந்துவிட்டவள். எங்கள் வீட்டின் வாய் அவள்தான். மினி பஸ் கண்டக்டரோடு மல்லுக்கு நிற்பது, என் பள்ளிக்கூடத்துக்கு வந்து என்னைப் பற்றி டீச்சரைவிட அதிகமாகப் பேசுவது எல்லாம் அவள் பொறுப்பு. மளிகைக் கடையில் அம்மா ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் அத்தை அதை முடித்துவைப்பாள். ஞாயிற்றுக்கிழமை அப்பா போன் செய்தால் முதலில் அத்தை பேசுவாள், அப்புறம் நான். அம்மா கைக்குப் போன் வரும்போது பேசுவதற்கு மிச்சம் இருப்பது "நல்லா இருக்கேன், நீங்க ஒடம்பப் பாத்துக்கங்க" என்பது மட்டும்தான்.

அத்தையிடம் கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். தம்பி பெண்டாட்டி வாயில்லாப் பூச்சி, அவளுக்காக நாம் பேசாவிட்டால் யார் பேசுவது என்று உண்மையாகவே நம்பினாள். நல்ல துண்டு மீனை அம்மா தட்டில்தான் போடுவாள். ஆனால் மீன் பிடிக்கிறதா என்று கேட்க மாட்டாள். அதையும் அவளே சொல்லிக்கொள்வாள்.

வகுப்பெல்லாம் முடிகிற சமயத்தில் கந்தர்வக்கோட்டையில் ஒரு விழா ஏற்பாடாகியிருந்தது. வகுப்பு நடந்த ஒவ்வொரு ஊரும் மேடையில் ஏதாவது ஒன்று செய்துகாட்ட வேண்டும். எங்கள் ஊருக்கு அக்கா ஒரு நாடகம் கொடுத்தார். டாக்டரிடம் எப்படிப் பேச வேண்டும் என்பதுதான் விஷயம்.

"நம்ம ஊர்ல எல்லாம் உல்டாவா நடக்குதுங்க. வலி ஒருத்தருக்கு, பேசுறது இன்னொருத்தரு. டாக்டர்கிட்ட நோயாளிதான் பேசணும். கூடப் போனவங்க வாயைத் தொறக்கக் கூடாது" என்றார் அக்கா.

நாடகத்தில் மூன்றே பேர். ஒரு டாக்டர், ஒரு நோயாளி, நோயாளியைப் பேசவே விடாமல் தானே எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிற துணைக்கு வந்தவள். இந்த மூன்றாவது வேஷத்துக்கு யார் என்று அக்கா கேட்டு முடிப்பதற்குள் கூடமே எங்கள் அத்தையைத் திரும்பிப் பார்த்தது. அத்தைக்கும் பெருமைதான். இட்லிக்கடை வைத்திருந்த பெரியம்மா டாக்டர். அவர் வீட்டுக்காரரின் வெள்ளைச் சட்டையும், கழுத்தில் ஒரு செல்போன் இயர்போனும் போதுமானதாக இருந்தன. நோயாளிக்கு ஆள் தேடியபோது அக்கா அம்மாவைக் காட்டினார். ஒல்லியாக, வெளுத்துப்போய் இருக்கிறார், மேக்கப்பே வேண்டாம் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள்.

முதல் ஒத்திகையில் அம்மா சொல்ல வேண்டியது, தலைவலி, காய்ச்சல் என்ற இரண்டே வார்த்தை. அதைக்கூடக் கீழே பார்த்துக்கொண்டு முணுமுணுத்தாள். சத்தம் பத்தவில்லை என்றார் அக்கா. அடுத்த சனிக்கிழமை என்ன ஆனதோ தெரியவில்லை. டாக்டர் பெரியம்மா அத்தையைப் பார்த்து, "நீ செத்த சும்மா இரு ஆத்தா. அந்தப் புள்ளையப் பேச விடு. ஒனக்கு என்னம்மா செய்யுது?" என்று கேட்டதும், அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"கொடத்தத் தூக்கிட்டு நாலு எட்டு வச்சா மூச்சு வாங்குதுங்க. நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது. மல்லாக்கப் படுத்தா யாரோ மேல ஏறி ஒக்காந்த மாதிரி மூச்சு முட்டுது. அதனால செவுத்துல சாஞ்சுக்கிட்டேதான் தூங்குறேன். சாயங்காலமானா காலு வீங்கிப்போயி கொலுசுத் தடம் பதியுதுங்க."

கூடமே கைதட்டியது பாருங்கள், வெளியே மேய்ந்துகொண்டிருந்த கோழிகள் பறந்தன. வீட்டில் நன்றாக யோசித்து வந்திருக்கிறார், இதையே வைத்துக்கொள்ளலாம் என்றார் அக்கா. அத்தை வாயைப் பிளந்துவிட்டு, "அடி ஆத்தி, இம்புட்டும் ஒனக்குள்ளயா இருந்துச்சு?" என்றாள்.

எனக்கு இருந்த பெருமையைச் சொல்லி முடியாது. ஏனென்றால் மற்றவர்களுக்குத் தெரியாத ஒரு ரகசியம் எனக்குத் தெரிந்திருந்தது. அம்மா உண்மையாகவே சுவரில் சாய்ந்துகொண்டுதான் தூங்குவாள். முதுகுக்கு ஒரு தலையணை, அதன் மேல் மடித்த போர்வை. டி.வி. பார்த்துக்கொண்டே தூங்கிவிடுகிற பழக்கம் என்று அத்தை சொல்வாள், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். வீட்டில் நடக்கிற ஒன்றைக் கவனித்து, அதை எவ்வளவு சாமர்த்தியமாக நாடகத்துக்குள் கொண்டுவந்துவிட்டாள் என்று எனக்கு ஆச்சரியம். கட்டுரையில் சொந்த அனுபவத்தைச் சேர்த்தால் அழகாக இருக்கும் என்று எங்கள் தமிழ் டீச்சர் சொல்லியிருந்தார். அம்மா படிக்காமலே அதைச் செய்கிறாள் என்று நினைத்தேன்.

விழா அன்று பள்ளிக்கூட மைதானத்தில் சாமியானா போட்டிருந்தார்கள். சிறப்பு விருந்தினராக ஒரு நிஜ டாக்டர், கழுத்தில் பொன்னாடையோடு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். அத்தை அன்று அடித்த கூத்தில் சாமியானாவே ஆடியது. டாக்டர் பெரியம்மா பேரைக் கேட்டால் அத்தை சொன்னாள், வயதைக் கேட்டால் அத்தை சொன்னாள், நாக்கை நீட்டச் சொன்னால் அத்தை நீட்டினாள். ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்புறம் அம்மா பேசினாள். மைக் முன்னால், மேலே பார்த்து, நிறுத்தி நிறுத்தி, ஒரு வார்த்தை தடுமாறாமல் பேசினாள். அவ்வளவு நேரம் அம்மா பேசி நான் அதற்கு முன்னால் கேட்டதே இல்லை. அதற்குப் பின்னாலும் இல்லை.

அந்த டாக்டர் மேடைக்கு வந்து அம்மாவைப் பாராட்டினார். ஒவ்வொரு நோயாளியும் இந்த அம்மா மாதிரிச் சொன்னால் தன் வேலையில் பாதி மிச்சம் என்றார். சிறந்த நடிப்புக்கு என்று எவர்சில்வர் குடம் ஒன்றைக் கொடுத்தார். அம்மா குடத்தை வாங்கி என் கையில் கொடுத்துவிட்டு அவரிடம் மெதுவாகக் கேட்டாள்.

"சார், நெசமாவே ஒருத்தருக்கு இப்புடி இருந்தா என்னங்க செய்யணும்?"

போட்டோ எடுக்கிறவர் எல்லோரையும் நெருங்கி நிற்கச் சொல்லிக்கொண்டிருந்தார். டாக்டர் கேமராவைப் பார்த்தபடியே, ஆனால் அக்கறையாகத்தான் சொன்னார். "யாருக்கும்மா, தெரிஞ்சவங்களா? நாள் கடத்த வேணாம்னு சொல்லுங்க. இருதய டாக்டர்கிட்ட ஒடனே காட்டச் சொல்லுங்க."

"சொல்லிடுறேங்க சார்" என்றாள் அம்மா.

அந்தப் போட்டோ இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கிறோம்.

அடுத்த முந்திரி சீசனில் அம்மா தோப்பில் மயங்கி விழுந்தாள். பக்கத்தில் இருந்த கிளினிக்குக்கு ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போனோம். அங்கிருந்த டாக்டர் என்ன செய்கிறது என்று கேட்டார். அத்தை பதறிப்போயிருந்தாள். பதற்றம் வந்தால் அவளுக்குப் பேச்சு இன்னும் கூடும். "ஒழுங்காச் சாப்புடுறதே இல்லைங்க, அதான் அசதி. வெயில்ல வேற நின்னா. ரத்தம் இல்ல ஒடம்புல" என்று மூச்சுவிடாமல் சொன்னாள். டாக்டர் அம்மாவைப் பார்த்து, நீங்கள் சொல்லுங்கள் என்றார். நாடகத்தில் வருகிற அதே இடம். வாசலில் நின்றிருந்த எனக்கு அம்மாவின் வசனம் முழுக்க மனப்பாடம். அம்மா ஒருமுறை அத்தையைப் பார்த்தாள். பிறகு, "அண்ணி சொல்றதுதாங்க" என்றாள். சத்துக்கு டானிக் எழுதிக் கொடுத்தார்கள்.

மேடையில் அப்படிப் பேசியவள் அங்கே ஏன் பேசவில்லை என்று நான் எத்தனையோ விதமாக யோசித்துப் பார்த்திருக்கிறேன். மேடையில் பேசியது நோயாளி. அவளுக்கு வீடு கிடையாது, வெளிநாட்டில் புருஷன் கிடையாது, வேலைக்குச் சோம்பல்பட்டு நோவென்று சொல்கிறாள் என்ற பேச்சு வராது. கிளினிக்கில் உட்கார்ந்திருந்தது எங்கள் அம்மா. பக்கத்தில் அவளுக்காகப் பேசிப் பேசியே பழகிய ஒருத்தி. அந்த அத்தையை எல்லோர் முன்னாலும் பொய்யாக்குவதற்கு அம்மாவுக்கு மனசு வரவில்லை என்றுதான் தோன்றுகிறது. இவ்வளவு யோசித்தும் என் ஆற்றாமை குறையவில்லை. ஒரே ஒரு தடவை அவள் அந்த வசனத்தைச் சொல்லியிருக்கக் கூடாதா?

டானிக்கில் குணம் தெரியாமல் தஞ்சாவூர் பெரிய டாக்டரிடம் போனபோது அப்பா ஊருக்கு வந்திருந்தார். இருதய வால்வு சுருங்கிப் பல வருஷம் ஆகியிருக்கும், முன்பே வந்திருந்தால் சரிசெய்திருக்கலாம் என்றார் டாக்டர். இவ்வளவு நாள் யாரிடமும் சொல்லவில்லையா என்று அவர் கேட்டதும் அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஊர் முழுக்கக் கேட்க, மைக் வைத்துச் சொன்னாளே என்று தலையில் அடித்துக்கொண்டாள். ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தார்கள். அதற்கு முன்னாலேயே அம்மா போய்விட்டாள்.

அத்தை இப்போது என்னோடுதான் இருக்கிறாள். எனக்குக் காய்ச்சல் என்றால் ஆஸ்பத்திரி வரைக்கும் கூடவே வருவாள். டாக்டர் அறைக்குள் மட்டும் வர மாட்டாள். "நீ போயி நீயே சொல்லு, நான் இங்கிட்டு ஒக்காந்திருக்கேன்" என்று வெளியே நாற்காலியில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவளைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருவதில்லை, அழுகைதான் வருகிறது.

ஆனால் திரும்பத் திரும்ப எனக்கு நினைவு வருவது ஆஸ்பத்திரி அல்ல. விழா முடிந்து ஊர் திரும்பிய அந்த மினி பஸ். முன் சீட்டில் அத்தை முழு நாடகத்தையும் கண்டக்டருக்கு நடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். பின்னால் ஜன்னலோரத்தில் அம்மாவும் நானும். குடம் அம்மா மடியில். அந்த டாக்டர் சொன்னது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. ஒருவரிடம் ஒரு விஷயத்தைச் சொல்வதாக ஒப்புக்கொண்டால் சொல்லிவிட வேண்டாமா?

"யாரும்மா அது? யாருகிட்ட சொல்லணும்?"

"இருக்கா ஒருத்தி" என்றாள் அம்மா.

"நம்ம ஊரா?"

"ஆமா."

"சொல்லிட்டியா?"

"சொல்லிக்கிட்டேதான் இருக்கேன். முந்திரி சீசன் முடியட்டும், வீட்டுக்காரரு வரட்டும்னு நாளைக் கடத்துறா."

எனக்கு அந்த முகம் தெரியாத பெண்மேல் எரிச்சலாக வந்தது. "சரியான மக்கும்மா அவ" என்றேன்.

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியாமல் சிரித்தாள். சிரிப்புக்கு நடுவிலேயே மூச்சு வாங்க ஆரம்பித்து, குடத்தின்மேல் கையை ஊன்றிக்கொண்டு, ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்தாள். மேடையிலிருந்து இறங்கி இவ்வளவு நேரமாகியும் அம்மா இன்னும் வேஷத்தைக் கலைக்கவில்லையே என்று நினைத்து, நானும் அவளோடு சேர்ந்து சிரித்தேன்.