பிளேனுக்குப் பயந்தவள்

எங்கள் குடும்பத்தில் யாருக்குப் பொழுது போகவில்லையென்றாலும் என் பிளேன் பயத்தை எடுத்துப் போட்டுச் சிரிப்பார்கள். தொடங்கிவைத்தவர் என் கூடப்பிறந்த மூத்தவர், நானா. எங்கள் ஊர்ச் சீனன்குடா விமானத்தளத்தில் பிளேன் கிளம்பும் சத்தம் கேட்டால் நான் குசினி அடுப்படிக்குள் ஓடிக் காதைப் பொத்துவேன் என்று, கொழும்பில் தன் கூட்டாளிமாருக்கெல்லாம் நடித்துக் காட்டுவார். பொய்யில்லை, ஓடுவேன்தான். ஆனால் பிள்ளை குட்டி பெற்று, பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கவும் செய்கிற ஒருத்தியைப் பற்றி இவர்களுக்கு வேறு கதையே கிடைக்கவில்லையா?

எழுபதுகளின் தொடக்கம் அது. ஒருநாள் காலையில், துறைமுகக் கந்தோருக்கு வேலைக்குப் போன என் புருஷன் போன கையோடு திரும்பி வந்தார். கொழும்புக்குப் பக்கத்தில் தெஹிவளையில் நானா வீட்டில் இருந்த வாப்பா விடியல் சுபஹோடு மௌத்தாகிவிட்டார். கந்தோர் டெலிபோனில் நானா சொன்னாராம், பின்னேரம் அஸர் தொழுகையோடு அடக்கம் என்று.

எங்களில் மௌத்தானவரின் மையித்தை நெடுநேரம் வைத்துக்கொண்டிருப்பதில்லை. ரயிலுக்கு இரவு வரை காத்திருக்க வேண்டும். பஸ்ஸில் போனாலும் அடக்கம் முடிந்த பிறகுதான் போய்ச் சேரலாம். வாப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் அன்று காலைப் பிளேன் ஒன்றுதான் வழி.

"நீ பிளேனில வருவாய் எண்டு சொன்னன் புள்ள. உன்ட நானா சிரிக்கிறார்" என்றார் புருஷன்.

சிரித்தாராம். வாப்பாவைக் கூடத்தில் கிடத்திவைத்துக்கொண்டு சிரித்தாராம். எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது.

"சீட்டு எடுங்க. நான் போறன்."

ஒரு சீட்டுத்தான் மிச்சமிருந்தது. எங்களில் ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் ஊராரிடம் மன்னிப்புக் கேட்டுப் புறப்படுவார்கள். திரும்பி வராமலும் போகலாம் அல்லவா? நான் பிளேன் ஏறப்போகிறேன் என்றதும் பக்கத்து வீட்டு ராத்தா அந்தச் சடங்கையே தொடங்கிவிட்டா. என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏதும் பிழை செஞ்சிருந்தாப் பொருந்திக்க தங்கச்சி" என்று ஒரே அழுகை.

"மௌத்தானது எங்கட வாப்பா, நானில்ல! கையை விடுங்க!" என்று கத்தினேன். பாவம், நல்ல மனுசி. அன்றைக்கு யார் முன்னால் வந்திருந்தாலும் அதுதான் கிடைத்திருக்கும்.

பிளேன் பிந்தித்தான் கிளம்பியது. விசிறி சுற்றத் தொடங்கியதும் கலிமாவை ஓதினேன். கண்ணை மூடினால் நானா சிரிக்கிறார், திறந்தால் ஜன்னல். ஜன்னலே மேல் என்று கீழே பார்த்தேன். துறைமுகத்தில் கப்பல்கள் பேசாமல் நின்றன. பிளேன் ஒருபக்கம் சரிந்தது, நான் செத்துப்போகவில்லை. இவ்வளவுதானா? இதற்காகவா இத்தனை வருஷம் காதைப் பொத்தினேன்? அந்தக் கோபத்திலேயே ரத்மலானை விமான நிலையம் வந்துவிட்டது.

டாக்சி பிடித்துத் தெஹிவளைக்குப் போனபோது நண்பகல் லுஹர்த் தொழுகை முடிந்திருந்தது. அஸருக்கு இன்னும் நேரம் இருந்தது. கூடத்துக்குள் ஓடினேன். கட்டில் வெறுமையாக இருந்தது. சாம்பிராணி மட்டும் புகைந்துகொண்டிருந்தது.

நானா என்னைக் கண்டதும் எழும்பி நின்றார். "லுஹரோட அடக்கிட்டம். நீ எங்க வரப்போறாய், வீணா ஏன் வச்சிருக்கோணும் எண்டுதான்..."

"வருவேன் எண்டு அவர் டெலிபோனில சொன்னார்தானே!"

"சொன்னார்தான். உன்னை எனக்குத் தெரியாதா?"

அத்தனை ஆம்பிளைகளுக்கு முன்னால் நான் என்னவெல்லாம் கத்தினேன் என்று இன்று நினைவில்லை. நானாவின் மனைவி மச்சி வந்து என் வாயைப் பொத்தியது நினைவிருக்கிறது.

"எங்க வச்சீங்க வாப்பாவை?" என்று கடைசியில் கேட்டேன்.

"பள்ளிவாசலுக்குப் பின்னால."

எங்களில் பெண்கள், அடக்கம் செய்யும் மையவாடிக்குப் போவதில்லை. கேட்டுத் தெரிந்துகொள்வதோடு சரி.

மூன்றாம் நாள் ஓதி முடித்ததும், "மெயில் ரயிலில கூட்டிக்கொண்டுபோய் விடுறன், பிளேன் எண்டாப் பயப்பிடுவாய்" என்றார் நானா. நெஞ்சில் ஈரமில்லாத மனுசன் என்று நினைத்தேன்; இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். நேரே போய்ப் பிளேன் ஏறினேன். ஜன்னலோர இடம் கேட்டு வாங்கினேன்.

பிளேன் மேலே எழும்பியதும் நெற்றியைக் கண்ணாடியில் அழுத்திக்கொண்டு தேடினேன். தென்னைகளுக்கும் கூரைகளுக்கும் நடுவில் இரண்டு பள்ளிவாசல்களின் மினாராக்கள் தெரிந்தன. எதற்குப் பின்னால் வாப்பா என்று எனக்குத் தெரியவில்லை.