அப்பா பக்கத்துச் சக்கரம்

செய்தி வந்தபோது மங்கையின் கார் ரிம்கள் நான்கும் என் சூட்டடுப்பில் இருந்தன. மந்தின் ஊரில் நான் நடத்துவது கார் ரிம்களின் பழைய பெயிண்டைச் சுரண்டி, புதிதாக அடித்து, சூட்டில் இறுக்கித் தரும் பட்டறை. அவள் கணவர் சுப்பையா அண்ணன் போனில் பேசினார். காலையில் காப்பி கலக்கிக்கொண்டிருந்தாளாம், அப்படியே உட்கார்ந்தவள் எழவே இல்லையாம். சரிண்ணே என்றேன். போனை வைத்துவிட்டு அடுப்புக்கு முன்னால் போய் நின்றேன். பாதியில் நிறுத்தினால் பெயிண்ட் பிடிக்காது. அதனால் முடியும்வரை நின்றேன். அழுகை வரவில்லை. இன்றுவரை வரவில்லை, உங்களிடம் மறைப்பானேன்.

லுக்குட்டில் அவள் கடையில் டயர் மாற்றிய உங்களுக்கு அவளைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. புக்கிட் பெலண்டோக் பக்கத்துத் தோட்டப் பள்ளியில் நானும் அவளும் ஒரே பெஞ்சு. இறந்தவரை 'அவர்' என்று எழுதுவதுதான் மரியாதை. ஆனால் நான் 'அவர்' என்றால் முதலில் சிரிப்பவள் அவளாகத்தான் இருப்பாள். அவள் என்றே எழுதுகிறேன்.

எங்கள் தொழில் ஏற்பாடு எளிமையானது. அவள் டயரைக் கழற்றி ரிம்மை எனக்கு அனுப்புவாள். நான் பெயிண்ட் அடித்துத் திருப்பி அனுப்புவேன். அவள் டயரை மாட்டிக் கொடுப்பாள். காற்றழுத்தம் பார்க்கும் சென்சர் வைத்த கார்கள் வந்த பிறகுதான் எங்களுக்குள் சண்டை அதிகமானது. அந்தச் சென்சர் கட்டைவிரல் பருமன்தான் இருக்கும். சக்கரத்துக்குள்ளே, காற்றடிக்கும் வால்வின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். காற்று குறைந்தால் டிரைவருக்கு முன்னால் விளக்கு எரியும். உள்ளே பேட்டரி இருப்பதால் அதற்குச் சூடு ஆகாது, பெயிண்ட் உரிக்கும் திராவகமும் ஆகாது. கெட்டால் பேட்டரியை மட்டும் மாற்ற முடியாது. முழுசாகத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

ஒரு தீபாவளி நெரிசலில் அவள் என் பட்டறைக்கு வந்திருந்தாள். வேறு எங்கோ டயர் கழற்றிய ரிம்கள் வரிசையில் அடுக்கியிருந்தன. பேசிக்கொண்டே நடந்தவள் சட்டென்று நின்று ஒரு ரிம்மைத் தட்டிக் காட்டினாள். மற்றவற்றில் ரப்பர் வால்வு, அதில் மட்டும் உலோக வால்வு. "இத அடுப்புல போடாத. உள்ள ஆள் இருக்கு," என்றாள். திருப்பிப் பார்த்தால் சென்சர் அப்படியே உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் நின்ற அந்த ரிம்மின் சொந்தக்காரர், பரவாயில்லை, விளக்கு எரிந்தால் மேலே கறுப்பு டேப் ஒட்டிக்கொள்கிறேன் என்றார். மங்கை அவரோடு வாதாடவில்லை. பேசிக்கொண்டே சென்சரைக் கழற்றி அவர் சட்டைப் பையில் போட்டுவிட்டாள். அன்றிலிருந்து உலோக வால்வைப் பார்த்தால் என் பட்டறைப் பையன்களும் உள்ளே ஆள் இருக்கு என்றுதான் சொல்கிறார்கள்.

இன்னொரு சண்டை வால்வு ஓட்டையைப் பற்றியது. எனக்குப் பெயிண்ட் தடிமனாக, முகம் தெரிகிற மாதிரி இருக்க வேண்டும். ஓட்டையின் ஓரத்தில் பெயிண்ட் தடித்தால் ரப்பர் வளையம் சரியாகப் படியாது, காற்று கசியும் என்பாள் அவள். என் வேலையை என் கண்ணெதிரே உப்புத்தாளால் தேய்ப்பாள். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால், "சென்சருக்குச் சூடு ஆகாது, சேகருக்குச் சொன்னா ஆகாது," என்று கடைக்கே கேட்கும்படி சொல்வாள்.

அவளுடைய வழக்கங்களில் எனக்கு மிகவும் பிடித்தது கிண்ணங்கள். கழற்றிய சென்சரை எந்தச் சக்கரத்திலிருந்து எடுத்தோமோ அங்கேயே திரும்ப மாட்ட வேண்டும். மாறிப்போனால் கார் ஒரு சக்கரத்தின் காற்றை இன்னொரு சக்கரத்தின் கணக்கில் காட்டும். எல்லாரும் இடது, வலது என்று எழுதிவைப்பார்கள். மங்கைக்கு அது ஆகாது. "லெஃப்ட்டுனா எந்த லெஃப்ட்டு? உள்ள உக்காந்து பாத்தா ஒண்ணு, முன்னால நின்னு பாத்தா ஒண்ணு," என்பாள். அதனால் வருகிறவர்களிடம் வண்டியில் யார் எங்கே உட்காருவீர்கள் என்று கேட்பாள். நான்கு பிளாஸ்டிக் கிண்ணங்களில் அப்பா, அம்மா, பாப்பா, சாமான் என்று எழுதி ஒவ்வொன்றிலும் ஒரு சென்சரைப் போடுவாள். சாமான் என்பது பாசாரில் வாங்கிய காய்கறிப் பைகள் வைக்கும் பின்சீட்டு மூலை.

சிரம்பானில் தகனம் முடிந்து திரும்பியதும் சுப்பையா அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மறுநாள் காலை போர்ட்டிக்சன் கடலில் சாம்பல் கரைக்க வேண்டும். "அவ வண்டிலதான் கொண்டு போவணும் சேகர். வேற வண்டி வேணாம்லா," என்றார். அவள் வண்டியோ கடைக்குள் சக்கரமில்லாமல் தாங்கியில் நின்றது. ரிம்கள் என்னிடம். டயர்களும் சென்சர்களும் கடையில். கடைச் சாவியை என் கையில் வைத்தார். மாட்டிவிடுகிறேன் என்றேன்.

மாலையில் கடையைத் திறந்தேன். அலமாரியில் நான்கு கிண்ணங்களும் வரிசையாக இருந்தன. அவள் மெஷினில், அவள் ஸ்டூலில் உட்கார்ந்து, ஒவ்வொரு சென்சரையும் கிண்ணத்தில் எழுதியிருந்த இடத்திலேயே மாட்டினேன். ரப்பர் வளையங்களைப் புதிதாகப் போட்டேன். நட்டை அளவாக முடுக்கினேன். அழுத்தி முடுக்கினால் வால்வுத் தண்டு ஒடிந்துவிடும். கை வேலையைச் செய்துகொண்டிருந்தது. எனக்குள் ஒன்றும் இல்லை. பசியும் இல்லை, துக்கம் என்று சொல்லும்படியாகவும் எதுவும் இல்லை.

சென்சர்கள் விழித்துக்கொள்ள வண்டி கொஞ்ச தூரம் ஓட வேண்டும். புக்கிட் பெலண்டோக் சாலையில் ஓட்டினேன். எண்கள் ஒவ்வொன்றாக வந்தன. முன் வலது சக்கரம் மட்டும் குறைவாகக் காட்டி, மஞ்சள் விளக்கு எரிந்தது. பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தி அதற்குக் காற்றடித்தேன். எண் ஏறவில்லை. இன்னும் அடித்தேன். அளவுமானியை வைத்துப் பார்த்தால் சக்கரம் கல்லு மாதிரி இருக்கிறது, வண்டி மட்டும் குறைவு என்கிறது. அடுப்பில் போகாத சென்சரே கெட்டுவிட்டதா, காலையில் அண்ணனுக்கு என்ன பதில் சொல்வது என்று பயந்துபோனேன். செய்தி கேட்டதிலிருந்து எனக்கு வந்த முதல் உணர்ச்சி அந்தப் பயம்தான்.

கடைக்குத் திரும்பி, வண்டியின் டிரைவர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். அவள் சீட்டு, அவள் முதுகுக்கு வைக்கும் குஷனோடு இருந்தது. அப்போதுதான் புரிந்தது. எங்கள் பக்கத்துக் குடும்ப வண்டிகளில் பெரும்பாலும் அப்பாதான் ஓட்டுவார். அந்தப் பழக்கத்தில் 'அப்பா' கிண்ணத்தின் சென்சரை டிரைவர் பக்கமும் 'அம்மா' கிண்ணத்தின் சென்சரை இடது பக்கமும் மாட்டியிருந்தேன். இந்த வண்டியை ஓட்டியவள் மங்கை. சுப்பையா அண்ணனுக்குக் கார் ஓட்டத் தெரியாது. எப்போதும் அவளுக்கு இடதுபுறம்தான் உட்காருவார். உண்மையில் காற்று குறைந்தது அவர் பக்கத்து முன் இடது சக்கரத்தில். சோப்புத் தண்ணீர் ஊற்றினேன். வால்வின் அடியில் குமிழி வந்தது. ஓட்டையின் ஓரத்தில் என் பெயிண்ட் தடித்திருந்தது. அவள் இல்லாததால் தேய்க்க ஆளில்லை. நானே தேய்த்தேன். சென்சர்களை இடம் மாற்றினேன். மறுபடி ஓட்டிப் பார்த்தேன், விளக்கு அணைந்தது.

காலையில் நான்தான் ஓட்டினேன். சுப்பையா அண்ணன் இடதுபுறம் கலசத்தை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்தார். அவர்கள் மகள் பின்னால் இருந்தாள். லுக்குட்டைத் தாண்டியதும் அவர் என் முன்னால் காற்றளவு காட்டும் திரையைப் பார்த்தார். வண்டி கிளம்பினால் மங்கை ஒவ்வொரு சக்கரத்தின் காற்றையும் படித்துச் சொல்வாளாம், அது அவள் பழக்கமாம்.

"நீ சொல்லு," என்றார்.

"அப்பா பக்கம் சரி. பாப்பா பக்கம் சரி. சாமான் சரிண்ணே," என்றேன்.

அவர் காத்திருந்தார். நான் உட்கார்ந்திருந்தது அவள் இடம். எண் என் முன்னால் தெளிவாகத் தெரிந்தது.

பின்னாலிருந்து மகள்தான், "அம்மா பக்கமும் சரிப்பா," என்றாள்.

மங்கையிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு கேள்வி. இப்போது சக்கரத்தோடு வருகிற எல்லாரிடமும், வண்டியில் யார் எங்கே உட்காருவீர்கள் என்று முதலில் கேட்கிறேன். சுப்பையா அண்ணன் கார் ஓட்டக் கற்றுக்கொள்கிறார். அந்த நான்கு டயரும் ஒருநாள் தேயும், அவர் தனியாக என்னிடம் வருவார். அவரிடம் மட்டும் அதை எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.