டேங்க்கின் பின்விளிம்பு

இன்று பங்க்கில் பெட்ரோல் வாசனை மூக்கிலேறியதும், கடலூரில் இப்போது செல்போன் கடையாகிவிட்ட மாமாவின் ஒர்க்‌ஷாப்புக்கே நினைவில் போய்விட்டேன். பழைய ஜப்பான் பைக்குகளில் டேங்க்கின் பின்விளிம்பு சீட்டுக்கடியில் மறைந்திருப்பதால், அங்கே மட்டும் கம்பெனியில் அடித்த பெயிண்ட் அழுக்கேறி அப்படியே இருக்கும். மாமா அதைத் தடவிப் பார்த்துத்தான் ஒரிஜினல் என்பார். பரங்கிப்பேட்டையில் அவர் தேடிப்பிடித்த டேங்க் இன்னும் அழகாகட்டும் என்று, எட்டு வயதில், அந்த விளிம்பில் நான் புதுச் சிவப்புப் பெயிண்டைப் பூசிவிட்டேன்.

மறுநாள் சிதம்பரத்திலிருந்து வாங்க வந்தவர் டேங்க்கைத் திருப்பிப் பார்த்தார்.

“டூப்ளிகேட்ட என் தலையில கட்டப் பாக்குறீங்களா?”

“நான் கையே வைக்கல சார்” என்று மாமா திரும்பத் திரும்பச் சொன்னார். நான் கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

வந்தவர் டேங்க்கை வாங்காமலே போன பிறகு, மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார். பழந்துணியைப் பெட்ரோலில் நனைத்து, என் நகக்கண்ணில் ஒட்டியிருந்த சிவப்பைத் துடைத்துவிட்டார்.