விழுந்ததும் வாட்ச் யாரைக் கூப்பிட்டது

இன்று காலை தஞ்சாவூர் புது ஆற்றங்கரையில் நடக்கும்போது ஈரமண்ணில் வழுக்கி விழுந்துவிட்டேன்.

முழங்கையில் சிராய்ப்புதான். ஆனால் கையில் கட்டியிருந்த ஜிபிஎஸ் வாட்ச் பயந்துவிட்டது. நான் எழுந்து மண்ணைத் தட்டுவதற்குள், போன் வழியாக நான் இருக்கும் இடத்தையும் சேர்த்து என் அவசரத் தொடர்புக்குச் செய்தி அனுப்பிவிட்டது.

அந்தத் தொடர்பு என் கணவர். போன வருடம் இறந்துவிட்டார். வாட்சை வாங்கிக் கொடுத்து, அதில் தன் எண்ணைப் போட்டு வைத்தவரும் அவர்தான்.

உடனே என் போன் அடித்தது. திரையில் அவர் பெயர்.

எடுத்தேன். பயமோ அழுகையோ எதுவும் வரவில்லை.

“ஏங்க, நீங்க விழுந்துட்டதா மெசேஜ் வந்துச்சு. நல்லாருக்கீங்களா?”

யாரோ ஒருவர். பட்டுக்கோட்டையில் தேங்காய் மண்டி வைத்திருக்கிறாராம். சமீபத்தில்தான் இந்த சிம் வாங்கினாராம்.

“ஒண்ணுமில்லைங்க. இது எங்க வீட்டுக்காரர் நம்பரா இருந்துச்சு. அவர் இப்ப இல்ல.”

“புது ஆத்துல தண்ணி வந்துருச்சா?” என்று கேட்டார்.

“வந்துருச்சுங்க. நான் நம்பரை மாத்திடுறேன்.”

“வேணாங்க, இருக்கட்டும். ஆனா திரும்ப விழுந்தீங்கன்னா, நான் பஸ் புடிச்சு வர நேரமாகும். அதுவரைக்கும் அசையாம உக்காந்திருங்க.”

சரி என்றேன். வீட்டுக்கு வந்து மருந்து போட்டுக்கொண்டு காபி குடித்தேன். எண்ணை மாற்றவில்லை.

உங்கள் வாட்சில் யார் எண் இருக்கிறது? விழுவதற்கு முன்பே ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள்.