சேவற்கட்டுக்குப் போகாத கணவன்

மீனின் செவுளைத் தூக்கித் தூக்கிப் பார்த்தபடி லுடிவினா அக்கா பக்கத்துக் கடைப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். வாங்கமாட்டார். லா பாஸ் சந்தையில் அவர் தலை தெரிந்தாலே பெண்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். இலோய்லோ நகர வானொலியில் மதியம் வரும் தொடர் நாடகத்தை எழுதுபவர் அவர். அதில் மனைவியாகப் பேசுபவள் நான்.

யார் சொல்வதையும் நம்பமாட்டார். புருஷன் அடித்துவிட்டான் என்று ஒருத்தி அழுதால், "அடிச்சப்புறம் சாப்பிட்டானா? யாரு சோறு போட்டா?" என்பார். "கோர்வையா வர்ற கதையில எங்கயோ பொய் இருக்கும்டி" என்பது அவர் கட்சி.

போன மழைக்காலத்தில் நாடகம் தொய்ந்தது. சேவற்கட்டு என்று சொல்லிவிட்டுக் கணவன் சனிக்கிழமைகளில் வேறொருத்தி வீட்டுக்குப் போவதாக எழுதினார். மீன் விற்கும் தெரெசிங்கின் கணவர் செர்ஹியோவும் சனிக்கிழமை சேவற்கட்டுக்குப் போகிறவர்தான். அவர் சட்டையில் ஓர் இறகுகூட ஒட்டிவருவதில்லை என்பது நாடகத்தைக் கேட்டபோதுதான் அவளுக்கு உறைத்தது. நேரே வானொலி நிலையத்துக்கு வந்துவிட்டாள்.

"எவ அவ? உனக்குத் தெரியும்க்கா."

எல்லாம் கற்பனை என்று அக்கா சத்தியம் செய்தார். அவள் நம்பவில்லை. அடுத்த சனிக்கிழமை கணவரின் பின்னாலேயே படகேறி கிமராஸ் தீவுக்குப் போனாள். அங்கே ஒரு குடிசையில், நோயில் கிடந்த தம்பியை செர்ஹியோ குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். குடிகாரன் என்று அவளே வீட்டைவிட்டுத் துரத்திய கொழுந்தன்.

இதைக் கேட்ட அன்று அக்கா எழுதவில்லை. "எதை மறைக்கிறான்னு யோசிச்சேன். யாருக்குப் பயந்து மறைக்கிறான்னு யோசிக்கல. பொம்பளைன்னு எழுதுறது சுலபமாப் போச்சு" என்றார். பிறகு கதையைத் திருப்பினார். நாடகத்துக் கணவன் தேடிப்போன வீட்டில் இப்போது ஒரு தம்பி படுத்திருந்தான். தெரெசிங்கின் சந்தேகம் தீரவில்லை, முற்றியது. அப்படியானால் முதலிலிருந்தே அக்காவுக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்தாள்.

நேற்று மறுபடி வந்தாள். கொழுந்தனை வீட்டுக்கே கூட்டிவந்துவிட்டாளாம். நாடகத்துத் தம்பி சாகும் காட்சிக்கு நான் அழுது ஒத்திகை முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவள் என்னைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள்.

"அந்தத் தம்பியக் கொன்னுடுவியாக்கா? என் கொழுந்தன் தினமும் படுத்தபடியே நாடகத்தக் கேக்குறான்."

"இன்னும் எழுதலயே" என்றார் அக்கா. மேசைமேல் கிடந்த அந்தக் காட்சியின் தாள்களை மெல்ல இழுத்து நாற்காலியில் போட்டு, அவற்றின்மேல் உட்கார்ந்துகொண்டார்.